எட்டு நிமிடம் இருபது நொடி

நாற்பத்து நான்கு வயதிலும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். என் தங்கை, ஒரே அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தட்டச்சர். மேலாளரின் சுருக்கெழுத்தாளர் பணியிடம் காலியானபோது, பணிமூப்பின்படி அது அவளுக்கே வர வேண்டியிருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: நாற்பத்தைந்து வயது நிறைவதற்குள், நிமிடத்துக்கு நூறு சொல் என்ற வேகத்தில் சுருக்கெழுத்துத் தேர்வில் தேற வேண்டும். பத்து நிமிடம், ஆயிரம் சொல். ஐம்பது பிழைக்கு மேல் போகக்கூடாது. முதல் முறை அவள் செய்தவை எழுபத்தொன்று, இரண்டாம் முறை ஐம்பத்து நான்கு. மூன்றாம் தேர்வே அவள் வயதுக்கு எஞ்சியிருந்த கடைசி வாய்ப்பு.

பயிற்சிக்குக் கைப்பேசி ஒத்துவரவில்லை. அறுநூறாவது சொல்லை எட்டும்போதுதான் நாத்தனார் நலம் விசாரிக்க அழைப்பார். ஆகவே கையடக்கமான மீடியா பிளேயர் ஒன்றை வாங்கினாள். பெட்டிக்குள் இருந்த விவரத்தாளைப் பின்னர் கேட்டு வாங்கி, நான் எழுதும் இக்குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருப்பதால் அளவுகளை ஐயமின்றிச் சொல்ல முடிகிறது. ஒன்பது சென்டிமீட்டர் நீளம், நாற்பத்தொரு கிராம் எடை. எட்டு ஜிபி நினைவகம். போதாவிட்டால் மெமரி கார்டு செருக ஓரத்தில் ஒரு பிளவு. கட்டைவிரல் அகலத் திரையில் வீடியோவும் ஓடும், ஆனால் முகங்கள் மிளகளவுதான் தெரியும். ஒருமுறை சார்ஜ் செய்தால் முப்பது மணி நேரம் ஒலிக்கும். எஃப்எம் வானொலி உண்டு, குரல்பதிவு உண்டு. பொத்தான்கள் தற்செயலாக அழுந்தாதிருக்கப் பக்கவாட்டில் ஒரு பூட்டும் உண்டு. அதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

தட்டச்சுப் பயிலகத்தின் ஆசிரியை தம் குரலில் நாற்பது பகுதிகளைப் பதிந்து கொடுத்தார். ஒவ்வொன்றும் மிகச் சரியாகப் பத்து நிமிடம். தினமும் காலை ஆறு மணிக்குப் பாப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பகுதியை எழுதுவாள். மாப்பிள்ளை பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். அவள் பொத்தானை அழுத்தும்போது கொதிக்கும் நீரில் இரண்டு முட்டைகளைப் போடுவார். அவள் பென்சிலைக் கீழே வைத்ததும் எடுப்பார். மதிய டப்பாவில் ஆளுக்கொன்று. ஊரையே கடிகாரம் பார்த்து விரட்டும் மனிதர், சமையலறையில் மட்டும் மனைவியின் பென்சிலைப் பார்த்தே நேரம் கணித்தார்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கையில் அவள் பிழைகள் நாற்பத்தெட்டுக்கு இறங்கின. மறுநாள் தொண்ணூற்றாறு. அதன்பின் எவ்வளவு முயன்றும் எண்பதுக்குக் கீழே வரவில்லை. அதே நாட்களில் முட்டைகளும் வேக மறுத்தன. மாப்பிள்ளை அடுப்பின் மீது சந்தேகப்பட்டார். பழுதுபார்ப்பவர் இருமுறை வந்து போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, அவள் நோட்டை மூடினாள்.

"எனக்குக் கை போயிருச்சுங்க. நான் பரீட்சைக்குப் போகல. மூணாவது தடவையும் போய் அசிங்கப்படணுமா?"

மாப்பிள்ளை முட்டையைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கும் மஞ்சக்கரு நடுவுல கொழகொழன்னு இருக்கு பாரு. பத்து நிமிஷம் கொதிச்ச முட்டையா இது?"

"நான் என்ன சொல்றேன், நீங்க முட்டையக் கட்டிக்கிட்டு அழறீங்களே!"

"கொஞ்சம் இரும்மா. அதை மறுபடி போடு."

அவள் முறைத்துக்கொண்டே போட்டாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆசிரியையின் குரல் எப்போதும்போல் நிதானமாக ஆரம்பித்து நிதானமாக முடிந்தது. பிளேயரின் திரை பத்து நிமிடம் என்றது. கடிகாரம் எட்டு நிமிடம் இருபது நொடி என்றது.

"உங்க வாட்ச்சு நின்னுருக்கும்."

"இதைப் பார்த்துத்தான் தினம் நூத்திப்பத்து பஸ் கிளம்புது. நின்னிருந்தா டிரைவருங்க என்னைச் சும்மா விடுவாங்களா? ஆமா, மூலையில 1.2னு ஏதோ போட்டிருக்கே, அது என்ன?"

"அது மாடல் நம்பருங்க."

விவரத்தாளை விரித்தார்கள். பதினொன்றாவது வரியில் இருந்தது: ஒலிவேகத்தை அரைமடங்கிலிருந்து இருமடங்குவரை மாற்றலாம், குரலின் சுருதி மாறாது. கைப்பையில் சாவிக்கொத்து அழுத்தியோ என்னவோ, வேகம் ஒன்று புள்ளி இரண்டுக்கு ஏறியிருந்தது. குரல் கீச்சிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கருவி தன் வேலையைக் குறையில்லாமல் செய்ததால்தான் யாருக்கும் தெரியவில்லை.

பாப்பா நோட்டின் அட்டையில் கணக்குப் போட்டாள். எட்டு நிமிடம் இருபது நொடியில் ஆயிரம் சொல். நிமிடத்துக்கு நூற்றிருபது.

"ஏங்க! நூத்தி இருபதுல எழுதிட்டு நூறு வரலைன்னு அழுதுட்டிருந்தேனா?"

"மூணு வாரமா நான் அரைவேக்காடு தின்னது வீண் போகல. பாவம், அடுப்பைத்தான் கண்டபடி திட்டிட்டேன்."

வேகத்தை ஒன்றுக்கு இறக்கிப் புதிய பகுதி ஒன்றை எழுதினாள். பிழை பதினொன்று. திருத்தியதை நம்பாமல் மறுபடி திருத்தினாள், பதினொன்றேதான். அன்றைக்கு அலுவலகத்துக்கு அரை மணி தாமதமாகப் போனாள்; பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறை. மறுநாளிலிருந்து அவளே வேண்டுமென்று 1.2ஐ வைத்தாள். எஞ்சிய பதினான்கு நாளில் அங்கும் பிழைகளை நாற்பதுக்குக் கொண்டுவந்தாள்.

தேர்வன்று கூடத்தில் முப்பத்தாறு பேர். தேர்வாளர் வாசிக்கத் தொடங்கியதும் எல்லாத் தலைகளும் குனிந்தன. அவளுக்கோ, ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் மூச்சுவிட இடம் கிடைத்தது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து தேர்வாளரின் முகத்தையே பார்த்தாளாம். "அவரு தூங்கி வழியறாரோன்னு நினைச்சேன், அண்ணா," என்றாள் என்னிடம்.

முடிவு ஐந்தாம் வாரம் வந்தது. பிழை நான்கு, முதலிடம். நியமன ஆணை அவளுடைய நாற்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகக் கையெழுத்தானது. அதன் நகலைச் சரிபார்த்தே இதை எழுதுகிறேன்.

புதிய அறையில் முதல் நாள், மேலாளர் ஒரு நீண்ட கடிதத்தைச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டாம் பத்தியில் அவருக்கே இரக்கம் வந்துவிட்டது.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லட்டுமாம்மா?"

"வேணாம் சார். நீங்க இன்னும் வேகமாவே சொல்லலாம்," என்றாள் பாப்பா. அவர் சொல்லி நிறுத்திய கடைசிச் சொல்லில் அவள் பென்சில் ஏற்கெனவே நின்று காத்திருந்தது.