எங்கள் வரிசைக்கு ஒரே லைன்

என் அக்காவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர், இரண்டு விரல்களை உள்ளங்கையில் குடுகுடுவென்று ஓட விடுவது. சின்ன வயதிலிருந்தே நான் ஓரிடத்தில் உட்காராதவள். சோறு தின்னும்போதுகூடக் காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். அதைப் பார்த்து வைத்த பெயர், நாற்பதைத் தாண்டியும் மாறவில்லை. நான் மாறினால்தானே பெயர் மாற?

நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளி இல்லை. அதனால் அக்காவின் சைகையெல்லாம் வீட்டிலேயே நாங்களாக உண்டாக்கிக்கொண்டது. எழுத்தும் வராது, தன் பெயரைப் போடுவாள், அவ்வளவுதான். அவள் கைப்பேச்சு முழுசாகப் புரிகிற ஆட்கள் இப்போது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி அவள் மகள். மகளுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, அங்கேயே விடுதியில் தங்கல். ஷிஃப்டும் எல்லைப் பாலத்து நெரிசலும் சேர்ந்து அவளை அடிக்கடி வீட்டுக்கு வர விடுவதில்லை. அத்தான் தவறிப்போன பிறகு அக்கா மலேசியப் பக்கம், ரெங்கத்தில் என்னோடு இருக்கிறாள்.

சாயங்காலமானால் அக்கா கைப்பேசியைச் சமையலறை மேசையில் சம்பல் போத்தலில் சாய்த்து வைப்பாள். கையில் பிடித்துக்கொண்டு அவளால் பேச முடியாது, இரண்டு கையும் வேண்டும். திரையில் மகள் வந்ததும் ஆரம்பிக்கும் கூத்து. சண்டை, கேலி, என்ன சாப்பிட்டாய், ஏன் இளைத்தாய், யார் அந்தப் பையன். ஒரு சத்தம் இருக்காது. ஆனால் வீடே அமளிப்படும். நான் குளுவாங் கிளினிக்கில் நாளெல்லாம் நோயாளிகளின் பெயரைக் கத்திக் கூப்பிட்டுவிட்டு வந்து, கதவோரம் நின்று அதைப் பார்ப்பேன். அந்த நேரத்தில்தான் என் கால் ஆடாது.

இந்தப் பேச்சு நடப்பது வீட்டு இணையத்தால். எங்களைப் போன்ற குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. அந்த உதவி நின்றால் லைனையும் நிறுத்த வேண்டியதுதான், என் சம்பளம் அப்படி. வருஷக் கடைசியோடு உதவி நிற்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. அக்காவிடம் சொல்லவில்லை. அவள்தான் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினரை எல்லோரும் ஒய்.பி. என்போம். அவருடைய உதவியாளர் கோயில் மண்டபத்துக்கு வந்து குறை கேட்கிறார் என்றதும் முதல் ஆளாகப் போய் முன் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்லக் கூடாது, நுனியில் தொற்றிக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததும் படபடவென்று கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மடிக்கணினியைப் பார்த்தார்.

"அக்கா, உங்க வீட்டு வரிசையில ஒரே ஒரு வீட்டுலதான் லைன் எடுத்திருக்காங்க. அதுவும் உங்க வீடு. ஜனங்களுக்கு வேணாம்போலன்னுதானே மேல நெனைப்பாங்க?"

வேண்டாமாவது! எங்கள் வரிசை முழுக்க என் லைனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு மேலே கறிவேப்பிலை போகும், மீன் குழம்பு வரும், பாஸ்வேர்டும் அப்படியே போனது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதலில் பாஸ்வேர்ட், பிறகுதான் தேத்தண்ணி. கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்கிற பழக்கம் தோட்டத்து ஆட்களுக்கு ஏது? இப்படி எல்லோரும் நல்லவர்களாக இருந்ததில், எங்களுக்குத் தேவையே இல்லை என்று கணக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் காலையிலேயே பாஸ்வேர்டை மாற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மனசு இளகிவிடும்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணன். "என்னா தங்கச்சி, தண்ணிக் குழாயப் பூட்டுன மாதிரி பூட்டிட்ட?"

"உங்க பேருல எடுங்கண்ணே. நாம கேட்டாத்தானே நமக்கு வேணும்னு தெரியும்."

"வந்த நாள்லேர்ந்து ஒண்ணாத்தான லா இருந்தோம்," என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பின்வீட்டு ஆன்ட்டி அதுவும் சொல்லவில்லை. அவர் மகள் பாலிடெக்னிக் பாடத்தை வீட்டிலிருந்து படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் எங்களுக்கு ஒரு கிண்ணம் கறி கொடுப்பார், அது நின்றது. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டுப் பிள்ளையும் பிள்ளைதானே என்று கையால் திட்டினாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யாருக்காக இதெல்லாம் செய்கிறேன் என்று அவளிடம் பதிலுக்குக் கையை வீசினேன்.

ஆனால் ஒவ்வொரு வீடாக எடுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். ஆன்ட்டி வீட்டில் லைன் வந்த அன்று வேலிக்கு மேலே கிண்ணம் வந்தது. என்னைப் பார்க்காமல் நீட்டினார், நானும் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு வரிசையே திரண்டு போனது. அக்காவும் வந்தாள். உதவியாளர் கணினியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு தயங்கினார்.

"நல்லதுக்கா. ஆனா இப்ப மேல கேக்குறது வேற. எல்லாரு கையிலயும்தான் ஹென்போன் இருக்கு, டேட்டா இருக்கு, வீட்டுக்குன்னு தனியா எதுக்குன்னு கேக்குறாங்க."

"அலமாக்!" எழுந்துவிட்டேன். "கிளினிக்குக்கு நாள் கேக்கணும்னா ஆப்புல கேளுங்கிறீங்க. ஸ்கூல் பாடம் ஆன்லைன்ல. அரசாங்க உதவி எதுக்கும் ஆன்லைன்ல மனு போடுங்கிறீங்க. எல்லாத்தையும் உள்ள தூக்கி வச்சிட்டு, இப்ப கதவச் சாத்துனா எப்படி தம்பி? செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல கெடக்கோம், டேட்டா எங்க ஒழுங்கா வருது?"

"மெசேஜாவது போகும்லக்கா?"

அக்கா என் முந்தானையை இழுத்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று கையால் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. எழுந்து போய் அவர் மேசையிலிருந்த தண்ணீர் போத்தலை நகர்த்தி, அதில் தன் கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள். மண்டபத்தில் வைஃபை கிடையாது, அந்த டேட்டாதான். மகளை அழைத்தாள்.

அன்று அவளுக்கு விடுமுறை, உடனே திரையில் வந்துவிட்டாள். விடுதிக் கட்டில், ஈரத் தலை. அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று புரியாமல் சிரித்தாள். அக்கா இரண்டு கையாலும் விளக்கினாள். இவர்கள் நமக்கு இது வேண்டுமா என்று கேட்கிறார்கள், நீ சொல். மகளின் சிரிப்பு நின்றது. கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின. கையைத் தூக்கினாள்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகளின் இடது உள்ளங்கை விரிந்திருக்க, அதன்மேல் வலது கையின் இரண்டு விரல்கள், ஓடாமல்.

லாரிக்கார அண்ணன் தன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். உதவியாளர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"என்னா சொல்றாங்கக்கா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னக் கூப்பிட்டா தம்பி," என்றேன். "எதுக்குன்னு தெரியல."

அக்கா பதில் சொல்லத் தயாராக இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.