'முழுத் தொகையும்' என்றொரு கட்டம்

பெர்னிஸின் அக்கா வீட்டுக்காரருடைய கூட்டாளி ஒருவருக்கு நடந்ததாம். தன் முடியலங்காரக் கடையில் நோரீனின் பின்னந்தலையில் சுருள் சுற்றிக்கொண்டே பெர்னிஸ் அதைச் சொன்னாள்.

"பதினோராயிரம் பவுண்டு, கண்ணு. வரியில்லாச் சேமிப்புலேருந்து கொஞ்ச நாளைக்குன்னு எடுத்திருக்காரு. அதே வருஷத்துக்குள்ள திருப்பிப் போட்டுக்கலாம்னு பேங்க்ல சொன்னதுதானாம். நடுவுல கணக்கை வேற பேங்குக்கு மாத்திட்டாரு. போச்சு! ரெண்டு பேங்கும் கையை விரிச்சிட்டாங்களாம்."

"யாராவது கதை கட்டியிருப்பாங்க," என்றாள் நோரீன்.

"இருக்கும். நீ தலையை ஆட்டாதே."

நோரீன் ஆட்டவில்லை. ஆனால் போர்வைத் துணிக்கடியில் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

இங்கிலாந்தின் மோர்கம் ஊரில் முப்பத்தொரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். வீடு மாறியதில்லை, புருஷன் மாறியதில்லை. மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். மின்சாரம் ஒரு வருடம் ஒரு கம்பெனியில், அடுத்த வருடம் இன்னொன்றில். கால் சதவீதம் வட்டி கூடக் கிடைத்தால் போதும், மார்ச் மாதத்தில் சேமிப்பு வேறு இடத்துக்குக் கிளம்பிவிடும். பணத்தை நாமே எடுத்துப் புது இடத்தில் போட்டால் வரிச்சலுகை கெட்டுப்போகும், படிவம் கொடுத்து வங்கி வழியாகத்தான் மாற்ற வேண்டும் என்று தேவாலயத்துத் தேநீர்க் கூட்டத்தில் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் அவளே.

அக்டோபரில் அவளுக்கு ஒரு வீட்டு வேன் மேல் ஆசை வந்தது. படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்தது. கையில் ரொக்கம் இருந்தால்தான் படியும் என்று வரியில்லாச் சேமிப்புக் கணக்கிலிருந்து இருபத்துநாலாயிரம் எடுத்தாள். விற்பவர்கள் இதோ அதோ என்று இழுத்தடித்து, பிப்ரவரியில் விற்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பணம் சாதாரணக் கணக்கில் கிடந்தது. வரி வருடம் முடியும் ஏப்ரல் ஐந்துக்குள் திருப்பிப் போட்டுவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் மார்ச் வந்துவிட்டது. கால் சதவீதமும் வந்துவிட்டது. படிவத்தில் 'முழுத் தொகையும்' என்ற கட்டத்தில் வழக்கம்போல் ஒரு டிக். புது இடத்திலும் எடுத்ததைத் திருப்பிப் போடும் வசதி உண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பழைய வசதியும் பணத்தோடு கூடவே வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுருள் காயும்வரை அவளால் உட்கார முடியவில்லை. ஈரத்தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"என்னடி இது, தலையில கப்பல் பாய்?" என்றார் கிளிஃப். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினெட்டு வயதில் தொடங்கிய கணக்கைத் தவிர வேறு கணக்கு அறியாதவர்.

"பேசாதீங்க."

கைபேசியில் பழைய வங்கியைத் திறந்தாள். மீதி அறுபத்தோராயிரம் இன்னும் அங்கேயே இருந்தது. பணம் போடும் பொத்தான் மட்டும் மங்கியிருந்தது: கணக்கு மாற்றம் நடைபெறுகிறது.

புது இடத்துக்குப் போன் செய்தாள். உடனே எடுத்தார்கள். பேசிய பெண்ணுக்கு இனிமையான குரல்.

"எடுத்த பணத்தைத் திருப்பிப் போடுற உரிமை அந்தக் கணக்கோட நின்னுடும் மேடம். எங்ககிட்ட வராது. முதல்ல அங்க போட்டுட்டு, அப்புறம் மாத்தியிருக்கணும்."

"சரிம்மா, இந்த வருஷத்துக்குன்னு புதுசா இருபதாயிரம் வரைக்கும் போடலாமே, அதுல…"

"அதைப் போன மே மாசமே இன்னொரு பேங்க்ல போட்டுட்டதா படிவத்துல எழுதியிருக்கீங்களே."

எழுதித்தான் இருந்தாள். அம்மா வீட்டை விற்ற பங்கு அது.

"நாங்க எங்க பக்கம் நிறுத்தி வைக்கிறோம். ஆனா அவங்க பணத்தை அனுப்பிட்டா ஒண்ணும் செய்ய முடியாது. அவங்ககிட்ட இன்னிக்கே நிறுத்தச் சொல்லிடுங்க. சாயங்காலம் அனுப்பிடுவாங்க."

இருபது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த வரியில்லா இடம். இருபத்துநாலாயிரம் வெளியே நின்றுவிட்டால் இனி வட்டிக்கு வரி. மறுபடி உள்ளே நுழைக்க வேண்டுமென்றால் அடுத்த வருடங்களின் இருபதாயிர வரம்பைத்தான் தின்ன வேண்டும்.

பழைய வங்கியின் எண்ணை அழுத்தினாள். வரிசையில் இருபத்தாறாவது.

"நான் அப்பவே சொன்னேன்," என்று கிளிஃப் கோப்பையில் கரண்டியைச் சுழற்றினார். "பணத்தையும் ஒரு இடத்துல உட்கார விடமாட்டே."

"நீங்க உட்கார்ந்த இடத்துல முக்கால் சதவீதம்தான் தர்றாங்க!"

"ஆமா. நானும் டீ குடிச்சிட்டு நிம்மதியா இருக்கேன்." சொன்னவர், அவள் முகத்தைப் பார்த்துக் கரண்டியை வைத்துவிட்டார். "நோரீன், நான் வேணா போனைப் பிடிச்சிட்டு இருக்கேன். நீ தலையைக் காய வை."

"உங்களுக்கு என்ன சொல்லணும்னு தெரியுமா?"

"நிறுத்துன்னு சொல்லணும். அதானே?"

போனோடு வெளியே வந்து வாசலில் நின்ற காரில் ஏறினாள். பழக்கம், பயிற்றுநரின் இடப்பக்க இருக்கையில்தான் உட்கார்ந்தாள். இரண்டு மணிப் பாடத்தைத் தள்ளிப்போட்டு மாணவிக்குச் செய்தி அனுப்பினாள். பதினான்கு. ஒன்பது. போனில் வாத்தியம் ஒன்று ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி இசைத்தது. நாலு மணி தாண்டியது. அலுவலகம் ஐந்துக்கு மூடும். மூன்று. இரண்டு.

அடுத்தது நீங்கள்தான் என்றது இயந்திரக் குரல். மெட்டு நின்றது. எங்கோ ஒரு மேசையில் மணி அடிக்கத் தொடங்கியது.

நின்றிருந்த காரில், பயிற்றுநர் பக்கத்துப் பிரேக்கை நோரீனின் கால் அடிவரை அழுத்திக்கொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.