அரைப் பாணும் கால் பாணும்

நேற்றுப் பின்னேரம் என் மகள் கைபேசியைக் கணக்குப் புத்தகத்துக்கு மேலே பிடித்து ஒரு படம் எடுத்தாள். விடையும் வந்தது, செய்யும் வழியும் வந்தது. யாரிடமும் போய் நிற்கவில்லை. யாருடைய முகமும் கோணவில்லை. பின்னங்களைக் கூட்டும் கணக்கு. எட்டிப் பார்த்த நான்தான் இரண்டடி பின்னால் போனேன். இந்த வயதிலுமா என்று கேட்காதீர்கள். சிலருக்குப் பாம்பு, எனக்குப் பின்னம்.

சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவை கணக்கில்தான் விழுந்தேன். கணக்கு இல்லாமல் உயர்தரத்துக்குப் போக முடியாது. வாப்பா என்னிடம் சத்தம் போடவில்லை. உம்மாவிடம் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது: "இந்த முறையும் கோட்ட விட்டாளெண்டா படிச்சது போதும். மாப்பிள்ளை பாப்பம்."

எல்லாரிடமும் போனேன். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். காக்கா முதல் வரியிலேயே, "இதுவுமா தெரியா? சின்னப் புள்ளைகள்ற கணக்குத்தானே!" என்று பென்சிலை எறிந்தார். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் தானே மளமளவென்று செய்துவிட்டு, "பாத்தியா, லேசு" என்று கொப்பியை நீட்டினாள். கடைசியில் அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு அல்லாஹ்விடம் கேட்டேன். கணக்கு விளங்க வேண்டும் என்றல்ல, பரீட்சைக்கு முதல்நாள் கடும் காய்ச்சல் வர வேண்டும் என்று.

பிறகு கல்முனையில் ஒரு தனியார் வகுப்பு. தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில். மழையில் நனைந்த கிடுகு எங்கே மணத்தாலும், வெண்கட்டித் தூளும் பிள்ளைகளின் வியர்வையும் கலந்த அந்தக் காற்று இன்றும் மூக்கில் ஏறும். கடைசி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் ரோசலின் இருந்தாள். பெரியநீலாவணை மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அவளும் கணக்கில் விழுந்தவள். ஒருநாள் என் கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"அரையும் காலும் கூட்டினா ஆறில ரெண்டா?"

"ஓம். பிழையா?"

"கடையில அரைப் பாணும் கால் பாணும் வாங்கினா எவ்வளவு பாண்?" பேக்கரி ரொட்டியைத்தான் நாங்கள் பாண் என்போம்.

"முக்கால்."

"உன்ட கணக்கில அரையவிடக் குறைஞ்சு போச்சே! மிச்சத்த ஆருகா திண்டது?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு என்னை அறியாமல் அழுகை வந்துவிட்டது. பாடம் நடத்திய சேர் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். தாழ்வாரத்தில் நின்று, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்: "எனக்கி ஒண்டுமே விளங்கல்ல புள்ள. தொடக்கத்தில இருந்தே."

அப்போது அவள் சிரிக்கவில்லை. "எனக்குப் பின்னம் வரும், கேத்திரகணிதம் வராது. உனக்கு?"

"அதுவும் வராது."

ஆகவே உதவியெல்லாம் ஒரே பக்கமாகவே ஓடியது. வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை நிலையத்து வாங்கில் பாண் பாணாக வரைந்து வெட்டுவாள். திரும்பத் திரும்பக் கேட்பேன். ஒருநாளும் அவள் முகம் கோணியதில்லை.

நான் மயிரிழையில் சித்தியடைந்தேன். அவள் அடையவில்லை. வெகுநாள் கழித்து அதைக் கேள்விப்பட்டதும் அவள் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் அவளுடைய அம்மா மட்டும் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கெண்டு போயிட்டாள் மகள். இன்னொருக்கா சோதினை எழுதச் சொன்னன். போதும் அம்மா எண்டுட்டாள். நீ பாஸெண்டு கேட்டு நல்லாச் சந்தோசப்பட்டவள்."

கால் சுடும் மணலில் நடந்து திரும்பினேன்.

நான் மேலே படித்தேன், வேலைக்கும் போனேன். சுனாமி வந்துபோன பிறகு அவர்களைத் தேடிப் போனபோது அவர்கள் வீடிருந்த ஒழுங்கையே இல்லை. மணல் மூடிய ஒரு கிணறு கிடந்தது. தப்பியவர்களைக் குடியேற்றிய தொடர்மாடி வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். "எந்த ரோசலின்? தகப்பன்ட பேர் என்ன?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் நாங்கள் கதைத்ததெல்லாம் கணக்கு மட்டுமே.