இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே குளிசை

இரண்டாம் உலகப்போருக்கு முந்திய வருடம் என் நான்கு வயது மகனுக்கு வலிப்பு வந்தது. புளியந்தீவு ஆசுபத்திரியில் குளிசை தந்தார்கள். வலிப்பு நின்றது. ஆனால் பிள்ளை ஓரிடத்தில் இருக்காமல் ஓடினான், கத்தினான், கடித்தான்.

அங்கே மருந்தெடுக்க வரும் காத்தான்குடி கதீஜா ராத்தாவின் மகளுக்கும் அதே வலிப்பு வருத்தம், அதே குளிசை. அவளோ தாயின் மடியில் அசையாமல் இருப்பாள். இந்தத் தாய் நிம்மதியாகச் சோறு தின்பாள் என்று நினைத்து எனக்கு வயிறெரியும்.

ஒருநாள் அந்தப் பொறாமையில், இவனும் அவளைப்போல அடங்கட்டும் என்று, யாரிடமும் கேட்காமல், மகனுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு குளிசை கொடுத்தேன். தூங்கியவனை எவ்வளவு உலுக்கியும் எழுப்ப முடியவில்லை. மாட்டுவண்டியில் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

அவன் கண் விழித்தபின் டொக்டர் சொன்னார்: "மருந்து ஒண்டுதான். சில புள்ளைகளுட மூளையை அது அமர்த்தும், சில புள்ளைகளுட மூளையை உசுப்பி விட்டுரும். அளவை நீங்க மாத்தப்படாது."

வெளியே கதீஜா ராத்தா நின்றார். செய்ததைச் சொல்லி அழுதேன்.

"நானும் உன்ட மகனைப் பார்த்துத்தான் எரிஞ்சன், தங்கச்சி. என்ட புள்ள சிரிச்சு மூணு மாசம்" என்றார்.

அதன்பிறகும் அவன் கத்தி ஓடும்போது எனக்குக் கோபம் வரும். கூடவே அந்தத் தாயின் முகமும் வரும்.