முன்விளக்கு எங்களுது, பின்விளக்கு அவங்களுது

ரெண்டாவது யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். வைகாசி மாசக் கடைசி. சங்ககிரியைத் தாண்டிப் பள்ளிபாளையம் போற ரோட்டுல, வீடுகள்ல விளக்கு வைக்கிற நேரத்துல நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகலை. ஆனா வாய் மட்டும் அப்பவே நீளம். இப்பவும் குறையலைன்னு வையுங்க.

நாங்க குமாரபாளையத்துல தறி நெய்யற குடும்பம். யுத்தம் வந்ததும் நூல் வரத்து நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரர் அதிகம் பேசற மனுஷன் இல்லை. ஆனா தறிக்குழியில கால் வெச்சதும் ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கிட்டே இருப்பார். தறி நின்னதும் அதுவும் நின்னுபோச்சு. சோறு போட்டா சாப்பிடுவார், கூப்பிட்டா 'ம்' என்பார். வேணும்னே சண்டை இழுத்துக்கூடப் பார்த்தேன். சண்டைக்கும் வரலை. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. அவர் சிரிச்சா எப்படி இருப்பார்ங்கறதே மறந்துபோற மாதிரி ஆயிருச்சு.

அப்பதான் பள்ளிபாளையத்துக்குக் கீழே ஒரு சின்னத் துறையில, சனங்களை அக்கரைக்குக் கொண்டு விடற குத்தகை ஏலத்துக்கு வந்துச்சு. யாரோ சொல்லி இவர் போய் எடுத்துட்டு வந்துட்டார். தறிக்காரனுக்குப் படகு எதுக்குடான்னு தெருவே சிரிச்சுது. மனுஷன் எழுந்து வாசலைத் தாண்டினாரே, எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. ஆனா குத்தகையில ஒரு நிபந்தனை. மேட்டூர்ல தண்ணி திறந்து விடறதுக்கு முன்னாடி படகு துறையில நிக்கணும். ஆபீசர் வந்து பார்க்கிற அன்னைக்குக் காலையில படகைக் காணோம்னா, குத்தகை அடுத்த ஆளுக்குப் போயிரும். அந்த அடுத்த ஆள் படகோட தயாரா உட்கார்ந்திருந்தார்.

படகுக்கு எங்கெங்கேயோ அலைஞ்சோம். கடைசியில மேட்டூர் அணையில மீன் பிடிக்கிற ஒருத்தர்கிட்டதான் ஒரு பழைய மரப்படகு கிடைச்சுது. ஆத்து வழியா இறக்கிக் கொண்டு வர முடியாது. மதகு மூடியிருந்த மாசம், ஆத்துல பாறைதான் தெரிஞ்சுது. அதனால ரோட்டுலதான் கொண்டு வரணும். பங்காளி ஒருத்தர் மாட்டு வண்டியை இரவல் கொடுத்தார். படகு வண்டியைவிட ரொம்ப நீளம். அதனால ஒரு முனையை வண்டி மேல ஏத்தி, மறுமுனைக்குக் கீழே இன்னொரு ஜோடிச் சக்கரத்தைக் கோத்துக் கயித்தால இறுக்கிக் கட்டினோம். நான் சட்டி பானையோட படகுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துக்கிட்டேன்.

கிளம்பறப்ப படகு கொடுத்தவரோட சம்சாரம் ஒரு சேதி சொல்லிச்சு. படகு தான் மிதந்த தண்ணியைப் பார்த்த மாதிரியேதான் ஊரை விட்டுப் போகணுமாம். புதுத் தண்ணியில இறக்கினப்புறம்தான் முகத்தைத் திருப்பணுமாம். பொழுது சாஞ்சா அதன் முகத்துல விளக்கு இல்லாம இருக்கக் கூடாதாம். நாங்க தறிக்குப் பொட்டு வெச்சுக் கும்பிட்டு வளர்ந்த ஆளுங்க. அப்படிச் சொன்னா தட்டுவோமா? அதனால படகோட மூக்கு பின்பக்கம் மேட்டூரைப் பார்த்த மாதிரி, பின்பாகம் மாட்டுப் பக்கம் இருக்கிற மாதிரி ஏத்தினோம். மூக்குக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வெச்சேன்.

முதல் நாள் ராத்திரி எடப்பாடியில தங்கினோம். மறுநாள் சங்ககிரியைத் தாண்டறப்பவே பொழுது இறங்கிருச்சு. விடிஞ்சா ஆபீசர் வர்ற நாள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம்னாலும் ரெண்டு அரிக்கேன் விளக்குக்கு வேண்டியதை மிச்சம் பிடிச்சு வெச்சிருந்தேன். ஒண்ணை மாட்டுக்கிட்ட நுகத்தடியில கட்டினார். இன்னொண்ணை நான் படகோட மூக்குல, நல்லாத் தெரியட்டும்னு திரியை ஏத்தி மாட்டினேன். முன்னாடியும் வெளிச்சம், பின்னாடியும் வெளிச்சம். நம்மளைப் போல யாரும் சட்டப்படி போக முடியாதுன்னு ஒரு மிதப்பு வேற.

அப்பத்து ரோடு ஒரு வண்டி அகலம்தான் கல்லுப் போட்டது. ரெண்டு பக்கமும் மண்ணும் பள்ளமும் புளியமரமும். பாரம் மண்ணுல இறங்கிருமேன்னு இவர் நடு ரோட்டுலயே ஓட்டிக்கிட்டிருந்தார். சேலத்துல இருந்து வர்ற பஸ் எங்க பின்னாடி வந்துச்சு. பெட்ரோல் கிடைக்காம கரிப்புகையில ஓடற பஸ். குண்டு போட வர்ற விமானத்துக்குத் தெரியக் கூடாதுன்னு அதோட ஒரு முன்விளக்கை முழுசா மூடிட்டு, இன்னொண்ணுல பாதிக்குக் கறுப்பு அடிச்சு விட்டிருந்தாங்க. அந்த மங்கல்ல டிரைவர் கண்ணுக்குத் தெரிஞ்சது நடு ரோட்டுல ஒரு வெள்ளை விளக்கு, அவ்வளவுதான். எதிர்ல ஏதோ வண்டி வருதுன்னு நினைச்சுட்டார். ஹாரன் அடிச்சுட்டுத் தன் இடது பக்கம் ஒதுங்கினார். ஹாரன் சத்தம் கேட்டதும் எங்க வீட்டுக்காரரும் பஸ்ஸுக்கு வழி விடறதுக்காக மாட்டை இடது பக்கமே ஒடிச்சார். விளக்கு தன் பக்கமே வருதேன்னு டிரைவர் இன்னும் ஒதுங்கினார். இவரும் இன்னும் ஒதுங்கினார். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த நான் பஸ் நேரா என் மடியில வந்து ஏறப் போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

கண்ணைத் திறந்தப்ப பஸ் பள்ளத்துல ஒரு சக்கரம் இறங்கி, புளியமரத்துல மூக்கை முட்டிக்கிட்டு நின்னுச்சு. எரிஞ்சுக்கிட்டிருந்த ஒத்தை முன்விளக்கு சில்லுச் சில்லா உடைஞ்சுபோச்சு. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாரியாத்தா புண்ணியம். உள்ள இருந்த சனமெல்லாம் இறங்கி எங்களைச் சூழ்ந்துக்கிட்டாங்க. திட்டறதுக்கு ஆளுக்கொரு வார்த்தை இருந்துச்சு. டிரைவர் மட்டும் படகைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "ஏனுங்கம்மா, முன்னாடி போற வண்டியா இது? எதிர்ல வருதுன்னுல்ல நெனச்சனுங்க," என்றார். அந்த மனுஷன் முகத்துல கோபத்தைவிட திகைப்புதான் அதிகமா இருந்துச்சு.

எங்க கஷ்டகாலம், அந்த பஸ்ஸுல ஒரு போலீஸ் ஏட்டு இருந்தார். மெதுவா இறங்கி வந்து மீசையைத் தடவிக்கிட்டு ரெண்டு வண்டியையும் பார்த்தார். வண்டிக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டுப் போற பாரத்துக்கு சிவப்பு விளக்குதான் இருக்கணும், பின்பக்கம் பார்த்து வெள்ளை விளக்கு எரியவே கூடாதுன்னார். படகு நகரக் கூடாது. முன்விளக்கு இல்லாம பஸ்ஸும் நகரக் கூடாது. ரெண்டும் இங்கேயே கிடக்கட்டும், விடிஞ்சதும் பார்த்துக்கலாம்னுட்டார்.

விடிஞ்சதும்னா எங்க கதை முடிஞ்சுது. எங்க வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்துல கையை வெச்சுக்கிட்டுக் கீழேயே பார்த்துக்கிட்டு நின்னார். தறி நின்ன அன்னைக்கு எப்படி நின்னாரோ அதே மாதிரி. இந்தத் தடவை இவர் உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மாட்டார்னு தோணுச்சு.

கூட்டத்துல ஒருத்தர் தன்னோட சிவப்புத் துண்டை எடுத்து அரிக்கேன்ல சுத்திப் பார்த்தார். வெளிச்சம் போய்ப் புகைதான் வந்துச்சு, துண்டும் கருகுச்சு. இன்னொருத்தர் அந்த அரிக்கேனை பஸ்ஸோட முன்னாடி கட்டிட்டுப் போகலாமேன்னார். "இந்த வெளிச்சத்துக்கு மாட்டுப் போக்குலதான் போக முடியுமுங்க," என்றார் டிரைவர்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. "மாட்டுப் போக்குலதான் போங்களேன். எங்ககிட்ட முன்னாடி விளக்கு இருக்குது, உங்ககிட்ட பின்னாடி சிவப்பு விளக்கு எரியுது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி இழுத்துக்கிட்டுப் போங்க. சட்டத்துக்கு ஒரே வண்டிதானுங்களே ஏட்டய்யா," என்று படகுக்குள்ள இருந்தபடியே கத்தினேன். நான் கிண்டலுக்குத்தான் சொன்னேன். சத்தியமா கிண்டலுக்குத்தான்.

ஏட்டு சிரிக்கலை. படகோட மூக்கைப் பார்த்தார், பஸ்ஸோட பின்பக்கம் போய்ச் சிவப்பு விளக்கைப் பார்த்துட்டு வந்தார். அப்புறம் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "கயிறு இருக்குதா?" என்று கேட்டார்.

படகுக்காரங்ககிட்ட கயித்துக்கா பஞ்சம்? முதல்ல அந்தக் கயித்தைக் கட்டி, எங்க மாடும் பஸ்ஸுச் சனமும் சேர்ந்து இழுத்து பஸ்ஸைப் பள்ளத்துல இருந்து ஏத்தினாங்க. அப்புறம் அதே கயித்துல படகோட மூக்கையும் பஸ்ஸோட முன்பக்கத்தையும் பிணைச்சாங்க. பின்னாடி மாட்டியிருந்த அரிக்கேனை எடுத்து வண்டியோட முன்பக்கமே ரெண்டாவது விளக்கா கட்டச் சொன்னார் ஏட்டு. படகோட முகத்துல விளக்கு இல்லாம போகக் கூடாதேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. மூக்குக்கு நேர் பின்னாடி இத்தனை பேர் வர்றாங்களே, அதுவே போதும் சாமின்னு மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்.

எங்க மாடு முன்னாடி, படகு நடுவுல, அது பின்னாடி பஸ். மாட்டுக் காலுக்கு ஏத்த மாதிரி இன்ஜினை அடக்கி உருட்டறதுக்குள்ள டிரைவருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. அந்த ஊர்ற வேகத்துல உள்ள உட்காரப் பொறுக்காத சனம் பாதிப் பேர் இறங்கி நடந்தாங்க. கைக்குழந்தைக்காரி ரெண்டு பேர் படகுல ஏறி என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. குழந்தைகளைச் சேலையை விரிச்சுப் படகுக்குள்ளேயே தூங்க வெச்சோம். ஏட்டு வண்டியில ஏறி மாட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு, எதிர்ல வர்ற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினார். எதிர்ல வந்த ஒரு வண்டிக்காரன் நிறுத்தி, மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ஏனுங்க, பஸ்ஸை மாட்டுல பூட்டிட்டீங்களா?" என்று கேட்டான்.

அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார். மாட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க, இருமல் வர்ற அளவுக்குச் சிரிக்கிறார். "ஆமாங்க, பெட்ரோல் கிடைக்கலீங்க," என்று பதில் வேற சொன்னார். பஸ்ஸும் படகும் நடந்து வந்த சனமும் சேர்ந்து சிரிச்சுது. ஏட்டுக்கூடச் சிரிச்சார். எனக்கு மட்டும் பொங்கிப் பொங்கி அழுகை வந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த பொம்பளை என்னம்மா ஆச்சுன்னு கேட்டுது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தூங்கற குழந்தையைத் தட்டிக் கொடுத்தேன்.

பள்ளிபாளையம் வந்து சேர்ந்ததும் கயித்தை அவிழ்த்தோம். டிரைவர் அங்கே பஸ் நிக்கிற கொட்டகையில சிவப்புக் கண்ணாடித் துண்டு ஒண்ணைத் தேடி எடுத்து, எங்க அரிக்கேன் மேல பொருத்திக் கொடுத்தார். துறை வரைக்கும் அதைத்தான் பின்னாடி மாட்டிக்கிட்டுப் போனோம். காலையில துறையில தேங்கிக் கிடந்த கொஞ்சத் தண்ணியில படகை இறக்கி முகத்தைத் திருப்பினோம். ஆபீசர் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார். ரெண்டு நாள்ல மேட்டூர்த் தண்ணி வந்துச்சு. அதுக்கப்புறம் இவர் துடுப்புப் போடறப்பவும் பாட்டு முனக ஆரம்பிச்சுட்டார்.

அந்த டிரைவர் பேரும் தெரியாது, ஏட்டு பேரும் தெரியாது. எங்க வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. ஆனா இருட்டுல பஸ்ஸுல போறப்ப முன்னாடி ஏதாவது லாரியோட சிவப்பு விளக்கு தெரிஞ்சா, என் காதுல முதல்ல கேக்கிறது அவர் சிரிச்ச சத்தம்தான். என் மனுஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்தது, அன்னைக்கு எங்க பின்னாடி விளக்குப் பிடிச்ச மாதிரி வந்த அந்த முன்பின் தெரியாத சனங்கதான்னு இன்னைக்கும் நான் நம்பறேன்.