கிரந்தியும் கப்சூல் தூளும்

கரையோரக் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது என் கணவரின் கால் பெருவிரலில் திருக்கை முள் ஏறியது. மற்றவர்களுக்கென்றால் கொஞ்ச நாள் நொண்டினால் ஆறிப்போகிற காயம். இவருக்குச் சீனி வருத்தம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய இளம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்:

"புண்ணை ஆத்திறது இவரின்ரை இரத்தந்தான், அக்கா. சீனி கூடினால் கிருமியோடை சண்டை பிடிக்கிற அணுக்கள் சோர்ந்துபோகும். சீனியைக் கட்டுப்படுத்துங்கோ, மீன் முட்டை குடுங்கோ. கவனிக்காட்டி விரல் போகும்."

மறுநாள் காலையே கரம்பொன்னிலிருந்து மச்சாள் வந்து இறங்கினார். இவருடைய மூத்த அக்கா. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. கரும்பலகையில் கிருமி கீறிக் கீறியே பென்சன் எடுத்தவர். வந்ததும் குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்தார்.

"புண்காரனுக்கு மீனோ? கிரந்திச் சாப்பாடெல்லோ. மீன், றால், முட்டை ஒண்டும் குடுக்காதையும். புண் சீழ் பிடிச்சிடும்."

"டாக்டர் குடுக்கச் சொன்னவர், மச்சாள்."

"அவன் நேற்றையப் பொடியன். நான் எத்தினை டாக்டர்மாரைப் படிப்பிச்சனான்."

அந்த டாக்டர்மாரில் ஒருவரையாவது நான் இன்றுவரை கண்டதில்லை. மச்சாளின் பத்தியத்தில் சீனிக்கு மட்டும் தடையிருக்கவில்லை. பாணும் தித்திக்கத் தித்திக்கத் தேத்தண்ணியும் தன் கையாலேயே கொடுத்தார். புயலிலும் வள்ளத்தை விடாத மனுசன், அக்காவுக்கு முன்னால் குழந்தைப்பிள்ளைபோல வாயைத் திறந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து மச்சாள் கட்டை அவிழ்த்து, அன்ரிபயோட்டிக் கப்சூலை உடைத்துத் தூளைப் புண்ணில் கொட்டியிருக்கிறார். விழுங்குவதற்கென்று செய்த மருந்து. தூள் மஞ்சளாக இறுகிப் பொருக்காகியது.

"பார்த்தீரே, காய்ஞ்சிட்டுது," என்றார் வெற்றியோடு.

பொருக்குக்குக் கீழே விரல் கறுத்துக்கொண்டிருந்தது. நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மச்சாள் விட்டார். டாக்டர் பொருக்கைக் கிளப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"தோலிலை இருக்கிற எல்லாக் கிருமியும் எதிரியில்லை. சிலது எங்களுக்குக் காவல். தூள் போட்டதிலை அதுகள் செத்து, மருந்துக்குச் சாகாத முரடுகள் மிஞ்சியிருக்குது."

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி விரலை எடுத்தார்கள். மச்சாள் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்: "நான் தூள் போட்டபடியாலை விரலோடை போச்சு. இல்லாட்டிக் காலே போயிருக்கும்." ஊரும் தலையாட்டியது. ஊருக்கு அதைவிட என்ன வேலை.

போன மாதம் மச்சாளுக்குத் தேங்காய் உடைக்கையில் கத்தி கையில் பட்டது. கப்சூல் உடைக்கவில்லை. வான் பிடித்து நேரே யாழ்ப்பாணத்துக்கு, பெரிய டாக்டரிடம். நாங்கள் கரம்பொன்னுக்குப் பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கையோடு றால் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிரந்தியில்லையோ, மச்சாள்?" என்று கேட்டேன்.

"புண் ஆறப் புரதம் வேணும். உமக்கு இது விளங்காது."

ஆடுகிற வள்ளத்தில் பெருவிரல் இல்லாமல் நிற்க என் கணவருக்கு இப்போது ஏலாது. அந்த றாலும் முதல்நாள் நான் சந்தையில் வாங்கிக் கொடுத்தனுப்பியதுதான்.