தாய்மாமன் இடத்தில் ஒரு சக்கரவர்த்தி

நாளைக்குப் பேரனுக்குக் காதுகுத்து. பேனரைத் தயார் பண்ணினது, காலேஜில் உலக வரலாறு படிக்கிற என் பேத்தி. யார் வூட்டுப் பிள்ளை!

நடுவில், ஐரோப்பாவையே புரட்டிப் போட்ட சக்கரவர்த்தி, வெள்ளைக் குதிரை மேல். மூலையில், தாய்மாமனான என் மகன், ஸ்டாம்பு சைசில்.

பார்த்ததும் குதித்தான். "யாரும்மா இவன்? சீர் செய்யறது நானு, நடுவுல இவனா? இவன் மடியிலயே கொழந்தைய உக்கார வெச்சு காது குத்திக்குங்க!"

"மாமா, இவராலதான் உலகமே மாறிச்சு."

"மாறட்டும். கெடா வாங்கினது யாரு, இவனா?"

பேனர் கடைத் தம்பி சக்கரவர்த்தியின் தலையை எடுத்துவிட்டு மகன் தலையை ஒட்டிக் கொடுத்தார். சமாதானமாகிவிட்டான்.

ஆனால் இப்போது, வந்தால் குதிரையில்தான் வருவேன் என்கிறான்.

கள்ளக்குறிச்சி பக்கம் யார்கிட்டயாவது குதிரை இருக்குங்களா? கறுப்பா இருந்தாலும் பரவாயில்லைங்க.